எண்ணெய் இறங்கிய மண்ணில் கிணற்று நீரைக் கண்காணித்தல்: சுன்னாகத்தை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறும் மாரியில் ஓடிக் கோடையில் காய்ந்துவிடும். குடிக்கவும் குளிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் நமக்கு இருப்பது சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளில் தேங்கி நிற்கும் மழைநீர்தான். அதனால்தான் சுன்னாகம் மின்நிலைய வளாகத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய்ப் படலம் தெரிந்தபோது ஊரே கலங்கிப்போனது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 நவம்பருக்கும் 2014 ஜூலைக்கும் இடையில் 150 கிணறுகளைச் சோதித்தது. அவற்றில் 109 கிணறுகளில் எண்ணெயும் கிரீஸும் தர வரம்பைத் தாண்டியிருந்தன. அதன்பின் வெவ்வேறு தரப்புகள் செய்த சோதனைகள் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளைத் தந்தன. விவகாரம் நாட்டின் உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, அங்கு மின்நிலையம் நடத்திய தனியார் நிறுவனத்தை 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தப் பணித்தது.

அத்தனை ஆண்டுகளும் கிணற்றுக்கட்டில் நின்றவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா, கூடாதா? அதற்கு இரண்டு விதமான பதில்கள் வந்ததற்குக் காரணம், யாரோ பொய் சொன்னார்கள் என்பதாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. எந்த எண்ணெயைத் தேடுகிறோம், எந்த ஆழத்தில், எந்த மாதத்தில், எந்தப் போத்தலில், எந்த முறையில் என்பவை மாறினால் ஒரே கிணறு ஒரு நாள் அழுக்காகவும் மறுநாள் சுத்தமாகவும் தெரியும். இந்த வழிகாட்டி அந்த வேறுபாடுகளை ஒவ்வொன்றாகக் கட்டிப்போடுவதற்காக எழுதப்படுகிறது. உள்ளூராட்சி அலுவலர், சுற்றாடல் படிக்கும் மாணவர், அறிவியல் ஆசிரியர், வேறொருவர் செய்த ஆய்வைச் சரிபார்க்க விரும்பும் கிணற்றுக்காரர் என எவருக்கும் இது பயன்பட வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதற்படி: எந்த எண்ணெய் என்று தெரிந்துகொள்ளுங்கள்

தோண்டுவதற்கு முன் விசாரியுங்கள். அந்த இடத்தில் எந்த ஆண்டில் என்ன எரிபொருள் வைத்திருந்தார்கள், தாங்கிகள் எங்கே இருந்தன, நிலத்துக்கு மேலா கீழா, கழிவெண்ணெய் எங்கே ஊற்றப்பட்டது, எப்போதாவது குழாய் உடைந்ததா என்று எழுதிக்கொள்ளுங்கள். பழைய வரைபடங்களைவிட ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் நினைவு பல நேரங்களில் துல்லியமானது. சுன்னாகம் வளாகத்தில் வெவ்வேறு காலங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட மின் உற்பத்தி நிலையங்கள் இயங்கின. அப்படிப்பட்ட இடத்தில் யாருடைய எண்ணெய், எந்தக் காலத்து எண்ணெய் என்ற கேள்வி கட்டாயம் எழும். ஆகவே தொடக்கத்திலேயே அதற்குத் தயாராக வேண்டும்.

எண்ணெயின் வகை மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பெற்றோலில் பென்சீன், தொலுயீன், எதில்பென்சீன், சைலீன் என்ற நான்கும் நிறைய உண்டு. இந்த நால்வர் கூட்டத்தைப் பிடெக்ஸ் என்பார்கள். இவை நீரில் கரைந்து தூரம் போகும், காற்றிலும் எளிதில் பறந்துவிடும். டீசலில் இவை மிகக் குறைவு. ஏறக்குறைய 10 முதல் 25 வரை கார்பன் அணுக்கள் கொண்ட சேர்மங்களே அதில் பெரும்பகுதி. இயந்திரங்களில் பயன்படுத்திக் கழித்த மசகெண்ணெய் இன்னும் கனமானது. அது நீரில் அரிதாகவே கரையும், ஆனால் மண்ணிலும் பாறை இடுக்கிலும் பல்லாண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆகவே டீசலும் கழிவெண்ணெயும் இறங்கிய இடத்தில் பிடெக்ஸ் மட்டும் சோதித்துவிட்டு, ‘ஒன்றும் இல்லை’ என்று அறிக்கை எழுதினால் அது பாதி உண்மைதான். அங்கே மொத்தப் பெற்றோலிய ஐதரோகார்பன்களையும், பல வளைய நறுமணச் சேர்மங்களையும் சேர்த்தே தேட வேண்டும். பெற்றோல் நிலையத்துப் பக்கத்துக் கிணற்றுக்கு நிலைமை நேரெதிர். சென்னை தண்டையார்பேட்டையில் 2013இல் வீடுகளின் ஆழ்துளைக் கிணறுகளில் எரிபொருள் வந்ததைப் போன்ற நிகழ்வுகளில் பென்சீனைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று ஒரு படம் வரையுங்கள்

நீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால் பெற்றோலின் அடர்த்தி ஏறக்குறைய 0.74, டீசலின் அடர்த்தி 0.84 அளவில். இரண்டும் நீரைவிட இலேசானவை. நிலத்தில் கொட்டிய எண்ணெய் மண்ணுக்குள் இறங்கி, வழியில் ஒரு பகுதியை மண்துளைகளில் விட்டுவிட்டு, நீர்மட்டத்தைத் தொட்டதும் அதன்மேல் படரும். அதன் அடிப்பரப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் பகுதி நிலத்தடி நீரோட்டத்தோடு நகரும். ஆக மூன்று இடங்களில் எண்ணெய் இருக்கிறது: மண்ணில் சிக்கியது, நீரில் மிதப்பது, நீரில் கரைந்தது. மூன்றையும் ஒரே அளவீட்டால் பிடிக்க முடியாது.

மணல் நிலத்தில் நீரோட்டம் ஓரளவு ஒழுங்காக இருக்கும். சுன்னாகம் அடங்கிய வலிகாமப் பகுதியின் சுண்ணாம்புக்கல் அப்படியல்ல. நீர் கல்லைக் கரைத்து உண்டாக்கிய வெடிப்புகளும் குகை வழிகளும் அதில் நிறைய. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதந்தது என்று நம் வீடுகளில் சொல்லுவார்கள். அந்தக் கதையின் உண்மை எப்படியோ, அது சொல்லும் நிலவியல் மிகச் சரியானது. சுண்ணாம்புக்கல் நாட்டில் நீர் நேர்கோட்டில் ஊறிச் செல்வதில்லை, வழி கிடைத்த பக்கம் பாய்கிறது. ஐம்பது மீற்றர் தொலைவிலுள்ள கிணறு சுத்தமாக இருக்க, ஐந்நூறு மீற்றருக்கு அப்பால் ஒரு கிணற்றில் எண்ணெய் வருவது இங்கே வியப்பில்லை. எனவே மாசு மூலத்தைச் சுற்றி வட்டம் வரைந்து ‘இதற்கு அப்பால் ஆபத்தில்லை’ என்று சொல்லும் வழக்கத்தை இந்த நிலத்தில் நான் ஏற்கமாட்டேன்.

இன்னொன்றையும் படத்தில் சேர்க்க வேண்டும். குடாநாட்டின் நன்னீர் கடல்நீரின்மேல் மிதக்கும் ஒரு வில்லை. கணக்கின்படி, கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீற்றர் உயர்ந்து நின்றால் கீழே சுமார் 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும். நீர்மட்டத்தைச் சிறிது இறக்கினாலும் உப்புநீர் பல மடங்கு மேலேறும். எண்ணெயை அகற்றுகிறோம் என்று சொல்லிக் கண்மண் தெரியாமல் இறைத்தால் எண்ணெய்க் கிணறு உவர்க் கிணறாகும். கண்காணிப்புத் திட்டத்தில் மின்கடத்துதிறனையும் குளோரைட்டையும் சேர்ப்பது இதற்காகத்தான்.

படம் வரைந்து முடிக்கும்போது நீரோட்டத் திசை, இறைக்கும் தோட்டக்கிணறுகள், பாடசாலை, வைத்தியசாலை, பொதுக்குழாய்க்கு நீர் எடுக்கும் கிணறுகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்தக் கடைசி மூன்றின் பெயரைச் சிவப்பில் எழுதுங்கள்.

மூன்றாம் படி: கண்காணிப்புக் கிணறுகள்

நீரோட்டத் திசையை அறியக் குறைந்தது மூன்று கிணறுகள், ஒரே கோட்டில் இல்லாமல் முக்கோணமாக வேண்டும். அது திசைக்கு மட்டும். மாசைக் கண்காணிக்க நீரோட்டத்தின் மேற்பக்கம் ஒன்று, மூலத்தில் ஒன்றிரண்டு, கீழ்ப்பக்கம் பல, பக்கவாட்டில் சில, காக்க வேண்டிய குடிநீர்க் கிணற்றுக்குச் சற்று முன்னால் காவலுக்கு ஒன்று என்று விரியும். மேற்பக்கக் கிணற்றைச் செலவு குறைக்கக் கைவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், ‘இந்த எண்ணெய் எங்கள் வளாகத்துக்கு வரும் முன்பே நீரில் இருந்தது’ என்று யாரும் வாதிடலாம்.

துளையிட்ட பின் 50 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாய் போதுமானது. இணைப்புகள் மரையிட்டவையாக இருக்க வேண்டும். குழாய் ஒட்டும் பசையைப் பயன்படுத்தினால் பசையின் கரைப்பான்கள் நீரில் இறங்கி ஆய்வக முடிவைக் குழப்பும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் வெட்டுத்துளை உள்ள குழாய்ப்பகுதி எந்த ஆழத்தில் நிற்கிறது என்பது. மிதக்கும் எண்ணெய் கிணற்றுக்குள் வர வேண்டுமானால் நீர்மட்டம் எப்போதும் அந்தப் பகுதிக்குள்ளேயே இருக்க வேண்டும். மார்கழியில் நீர்மட்டம் எவ்வளவு ஏறும், புரட்டாசியில் எவ்வளவு இறங்கும் என்று அக்கம்பக்கத்துக் கிணற்றுக்காரர்களிடம் கேளுங்கள். கிணற்றுச் சுவரில் நீர் நின்ற கறையே பாதிக் கதையைச் சொல்லும். அந்த ஏற்ற இறக்கம் முழுவதும் துளைப்பகுதிக்குள் அடங்குமாறு, மேலே கொஞ்சம் கூடுதலாகவும் வைத்து அமைக்க வேண்டும். துளைப்பகுதி முழுக்க நீருக்குள் மூழ்கியிருந்தால் மேலே கையளவு எண்ணெய் மிதந்தாலும் கிணறு ‘சுத்தம்’ என்றே காட்டும். வேறொருவரின் அறிக்கையைப் படிக்கும்போது நான் முதலில் புரட்டுவது கிணற்றுக் கட்டுமானப் பக்கத்தைத்தான்.

துளைப்பகுதியைச் சுற்றிச் சுத்தமான மணல், அதன்மேல் நீர் பட்டால் வீங்கி அடைக்கும் பென்டோனைட் களிமண் அடைப்பு, அதற்கும் மேல் சீமெந்துக் கலவை, தலையில் பூட்டுள்ள மூடி. களிமண் அடைப்பு இல்லையென்றால் மேற்பரப்பு அழுக்கு குழாயோரமாக இறங்கும், நீங்கள் தோண்டிய துளையே புதிய மாசு வழியாகிவிடும். வெடிப்புள்ள பாறையில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். பிறகு கலங்கல் தெளியும்வரை நீரை இறைத்துக் கிணற்றைக் கழுவுங்கள். குழாய் வாயின் ஒரு புள்ளியில் அழியாத குறியிட்டு, அதன் உயரத்தைக் கடல்மட்டத்தை ஒட்டி நில அளவையாளர் மில்லிமீற்றர் கணக்கில் அளக்கட்டும். இனி எல்லா அளவும் அந்தக் குறியிலிருந்துதான்.

வீட்டுக் கிணறுகளை என்ன செய்வது?

நம் ஊரில் இருப்பவை அகன்ற, திறந்த கிணறுகள். எளிதில் ஆவியாகும் சேர்மங்கள் அவற்றில் தங்குவதில்லை. கிணற்றுக்கட்டில் வைத்து ஓட்டும் மண்ணெண்ணெய் இயந்திரத்திலிருந்து சொட்டும் எண்ணெயும் அவற்றில் விழுகிறது. ஆகவே வீட்டுக் கிணறு கண்காணிப்புக் கிணற்றுக்கு மாற்றாகாது. ஆனால் மக்கள் குடிப்பது அதைத்தான், அதனால் அதை விட்டுவிடவும் முடியாது. இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். வீட்டார் என்ன குடிக்கிறார்கள் என்பதற்கு அவர்கள் வழக்கமாக அள்ளும் முறையிலேயே ஒரு மாதிரி எடுக்க வேண்டும். பாறையிலிருந்து என்ன வருகிறது என்பதற்கு, இறைத்து மட்டத்தை இறக்கிப் புதிதாக ஊறிவரும் நீரில் இன்னொரு மாதிரி எடுக்க வேண்டும். மூலத்துக்கு வெகு தொலைவில், அதேபோல இயந்திரம் வைத்து இறைக்கும் சில கிணறுகளையும் ஒப்பீட்டுக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படலம் கண்டவுடன் எண்ணெய் என்று முடிவுகட்டவும் வேண்டாம். இரும்பு பக்டீரியாக்களும் வானவில் நிறப் படலம் போடும். ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். பக்டீரியாப் படலம் கண்ணாடி உடைந்தாற்போலத் துண்டு துண்டாகும். பெற்றோலியப் படலம் விலகி மறுபடி ஒன்றுசேரும்.

நான்காம் படி: நீரையும் எண்ணெயையும் அளப்பது

எல்லாக் கிணறுகளின் மூடியையும் முதலில் திறந்து, மட்டம் அடங்க நேரம் கொடுத்து, ஒரே நாளில், முடிந்தால் சில மணி நேரத்துக்குள் எல்லா மட்டங்களையும் அளக்க வேண்டும். அயல் தோட்டங்களில் இறைப்பு நடக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். கடலோரம் என்றால் வற்றுப்பெருக்கின் நேரத்தையும் எழுதுங்கள்.

எண்ணெயும் நீரும் சந்திக்கும் இடத்தை உணரும் அளவுநாடாக் கருவி ஒன்று உண்டு. எண்ணெயைத் தொட்டால் ஒரு வகை ஒலியும் நீரைத் தொட்டால் இன்னொரு வகை ஒலியும் எழுப்பும். இரண்டு ஆழங்களையும் எழுதுங்கள். மிதக்கும் எண்ணெய் தன் எடையால் கிணற்றுக்குள் நீரை அழுத்திக் கீழே தள்ளியிருக்கும். அதைத் திருத்தாமல் விட்டால் நீரோட்ட வரைபடமே பிழையாகும்.

ஒரு கணக்கு பார்ப்போம். குழாய்க் குறியின் உயரம் 12.40 மீற்றர். எண்ணெய் தொடங்கும் ஆழம் 7.85 மீற்றர், நீர் தொடங்கும் ஆழம் 8.25 மீற்றர். எண்ணெயின் தடிப்பு 0.40 மீற்றர். நீர் தொடங்கும் இடத்தின் உயரம் 12.40 கழித்தல் 8.25, அதாவது 4.15. டீசலின் அடர்த்தி 0.84 என்று கொண்டால் 0.40ஐ 0.84ஆல் பெருக்கி 0.336. திருத்திய நீர்மட்டம் 4.486 மீற்றர். திருத்தாவிட்டால் ஏறக்குறைய 34 சென்ரிமீற்றர் பிழை. வலிகாமம் போன்ற தட்டையான நிலத்தில் இருநூறு மீற்றர் இடைவெளியுள்ள இரண்டு கிணறுகளுக்கு நடுவே மட்ட வித்தியாசமே சில சென்ரிமீற்றர்தான் இருக்கலாம். 34 சென்ரிமீற்றர் பிழை வந்தால் வரைபடத்தின் அம்பு தலைகீழாகத் திரும்பிவிடும், எச்சரிக்க வேண்டிய வீட்டை விட்டுவிட்டு வேறொரு வீட்டை எச்சரிப்போம்.

கிணற்றில் காணும் எண்ணெய்த் தடிப்பை மண்ணில் உள்ள எண்ணெயின் அளவாக எண்ணிவிடக் கூடாது. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது மண்துளைகளிலிருந்து எண்ணெய் வடிந்து கிணற்றில் தடிப்புக் கூடும். மாரியில் மட்டம் ஏறும்போது எண்ணெய் நீருக்கடியில் சிக்கிக் கிணற்றில் காணாமலே போகும். தை மாதத்தில் அளந்துவிட்டு ‘எண்ணெய் போய்விட்டது’ என்று அறிவித்தால் ஆவணியில் அது திரும்பி வந்து நிற்கும்.

பாதுகாப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எண்ணெய் நாற்றமுள்ள கிணற்றுக்குள் எந்தக் காரணத்துக்காகவும் ஆளை இறக்காதீர்கள். ஆவி தேங்கிய கிணற்றில் மயங்கியவரைக் காப்பாற்ற இறங்குபவரும் மாண்டுபோவதுண்டு. பெற்றோல் ஆவி காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு சேர்ந்தாலே தீப்பற்றும். சாதாரண மின்மோட்டாரை அதற்குள் இறக்க வேண்டாம், பக்கத்தில் யாரும் புகைக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: மாதிரி எடுத்தல்

சுத்தமான கிணற்றில் தொடங்கி அழுக்கான கிணற்றில் முடியுங்கள். மிதக்கும் எண்ணெய் உள்ள கிணற்றில் கரைந்த மாசுக்கு நீர் மாதிரி எடுப்பதில் பொருளில்லை. எண்ணெய்த் துளிகள் போத்தலில் ஏறி எண்ணைப் பலமடங்காக்கும். அங்கே எண்ணெயையே சிறிது எடுத்து அடையாளம் காண அனுப்புங்கள்.

கிணற்றுக் குழாயில் தேங்கி நிற்கும் நீர் பாறையின் நீர் அல்ல. பழைய வழக்கம், கிணற்று நீரின் கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு இறைத்த பின் மாதிரி எடுப்பது. 50 மில்லிமீற்றர் குழாயில் ஒரு மீற்றருக்குச் சுமார் 2 லீற்றர் நீர். நான்கு மீற்றர் நீர் இருந்தால் 24 லீற்றர் இறைக்க வேண்டும். இப்போது பலரும் விரும்புவது மெல்ல இறைக்கும் முறை: நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லிலீற்றர், மட்டம் 10 சென்ரிமீற்றருக்கு மேல் இறங்காதபடி. மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவுகளை எழுதுங்கள். தொடர்ந்து மூன்று முறை பிஎச் 0.1க்குள், மின்கடத்துதிறன் 3 விழுக்காட்டுக்குள், கரைந்த ஒட்சிசன் 10 விழுக்காட்டுக்குள், நீரின் ஒட்சியேற்றும் தன்மையைக் காட்டும் மின்னழுத்தம் 10 மில்லிவோல்ற்றுக்குள் நின்றால் வருவது பாறையின் நீர் என்று கொள்ளலாம். கயிற்றில் கட்டி இறக்கும் சிறு குழாய்வாளி மலிவானதுதான், ஆனால் அது நீரைக் கலக்கி, ஆவியாகும் சேர்மங்களை இழக்கச் செய்யும். வேறு வழியில்லையென்றால் பயன்படுத்துங்கள், ஆனால் எல்லாச் சுற்றிலும் அதையே பயன்படுத்துங்கள்.

போத்தல்களில்தான் பெரும்பாலான பிழைகள் நடக்கின்றன. ஆவியாகும் சேர்மங்களுக்கு 40 மில்லிலீற்றர் கண்ணாடிக் குப்பி, டெஃப்லான் பதித்த மூடி. நீர் விளிம்பில் பிதுங்கி நிற்கும்வரை மெல்ல நிரப்பி மூடி, தலைகீழாகத் தட்டிப் பார்க்க வேண்டும். குமிழி இருந்தால் அது கழிவு. கனமான எண்ணெய்க்கு ஒரு லீற்றர் பழுப்புக் கண்ணாடிப் போத்தல். இதை மாதிரி நீரால் அலசக் கூடாது, வழியவும் விடக் கூடாது. எண்ணெய் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், அதனால் போத்தலின் சுவரையும் சேர்த்து ஆய்வகம் கழுவி எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் போத்தல் இரண்டுக்குமே ஆகாது. முதலில் ஆவியாகும் சேர்மங்களுக்குரிய குப்பி, பிறகே மற்றவை.

நம் மண்ணுக்கே உரிய ஒரு சிக்கலை நான் நேரில் கற்றேன். நுண்ணுயிர்கள் மாசைத் தின்றுவிடாமல் இருக்கக் குப்பியில் ஐதரோகுளோரிக் அமிலம் விட்டுத் தருவார்கள். அமிலமிட்ட மாதிரியை 14 நாட்கள் வைத்திருக்கலாம். சுண்ணாம்புக்கல் நீரில் கார்பனேற்று நிறைய. அமிலம் பட்டதும் நீர் நுரைத்துக் காபனீரொட்சைட்டு வெளியேறும், கூடவே பென்சீனும் போகும். முதன்முறை ஒரு பெட்டி நிறையக் குப்பிகளை நிரப்பிவிட்டு, ஒவ்வொன்றிலும் பட்டாணி அளவு குமிழியைக் கண்டு அத்தனையையும் மறுபடி எடுத்தேன். நுரைத்தால் அமிலமில்லாக் குப்பியில் எடுங்கள். ஆனால் அதை 7 நாட்களுக்குள் ஆய்வகம் முடிக்க வேண்டும், அதை முன்கூட்டியே பேசிவையுங்கள்.

பனிக்கட்டிப் பெட்டியில் 4 பாகை அளவில் குளிர வைத்து அனுப்புங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஆய்வகமே நிரப்பித் தந்த தூய நீர்க்குப்பி ஒன்று திறக்கப்படாமல் போய் வர வேண்டும். அதில் பென்சீன் கண்டால் அது பயணத்தில் வந்த மாசு. பத்துக்கு ஒரு மாதிரியை இரட்டையாக எடுத்து, இரண்டாவதற்கு இல்லாத கிணற்றின் எண்ணைக் கொடுத்து அனுப்புங்கள். இரண்டு முடிவுகளும் பெரிதும் வேறுபட்டால் மற்ற எண்களையும் நம்ப முடியாது. வாகனத்துக்கு எரிபொருள் நிரப்பிய கையோடு குப்பியைத் தொடாதீர்கள், மின்னாக்கி இருந்தால் காற்றுத் திசைக்குக் கீழே தள்ளி வையுங்கள். போத்தல் யார் கையிலிருந்து யார் கைக்கு எந்த நேரத்தில் மாறியது என்ற கையெழுத்துத் தாள் ஒன்று கூடவே போக வேண்டும். வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

ஆறாம் படி: ஆய்வகத்திடம் கேட்க வேண்டியவை

‘எண்ணெய் சோதித்துத் தாருங்கள்’ என்று மட்டும் சொன்னால், கரைப்பானில் பிரித்தெடுத்து எடை போடும் ‘எண்ணெயும் கிரீஸும்’ சோதனையைச் செய்து தருவார்கள். அது சமையல் எண்ணெய், விலங்குக் கொழுப்பு, சவர்க்காரப் படிவு எல்லாவற்றையும் சேர்த்து எண்ணும். கரைப்பானை ஆவியாக்கும்போது பெற்றோலின் இலேசான பகுதி போய்விடும். அதைவிடப் பெரிய குறை, சிறிய அளவுகளை அதனால் பிடிக்க முடியாதது. பரவலாகப் பயன்படும் அமெரிக்க 1664 முறையில் நம்பிக்கையோடு அளவு சொல்லக்கூடிய கீழெல்லை லீற்றருக்கு 5 மில்லிகிராம். இலங்கையின் 2013ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரத்தில் எண்ணெய்க்கும் கிரீஸுக்கும் வரம்பு 0.2 மில்லிகிராம். இருபத்தைந்து மடங்கு கரடுமுரடான தராசில் தங்கத்தை நிறுப்பது போன்றது இது. ‘கண்டறியப்படவில்லை’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘எந்த அளவுக்குக் கீழே’ என்ற எண் இல்லாத அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள்.

கேட்க வேண்டியது, சேர்மங்களை ஆவியாக்கி ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பிரிகை முறையில் கார்பன் எண்ணிக்கை வாரியாகப் பிரித்த பெற்றோலிய ஐதரோகார்பன், தனித்தனியாகப் பிடெக்ஸ், பல வளையச் சேர்மங்கள். அந்த நிறப்பிரிகை வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். புதிய டீசலில் ஒழுங்கான இடைவெளியில் ஊசிபோல் முனைகள் வரிசையாக நிற்கும். நுண்ணுயிர் தின்ற பழைய டீசலில் அந்த ஊசிகள் தேய்ந்து மேடு ஒன்று மிஞ்சும். மசகெண்ணெயில் அந்த மேடு கனமான பக்கம் தள்ளி நிற்கும். யாருடைய எண்ணெய் என்ற வாதத்தில் இந்தப் படம் மிக வலிமையான சாட்சி. ஆய்வகம் ஐஎஸ்ஓ 17025 தரச்சான்று பெற்றதா என்பதோடு, நீங்கள் கேட்கும் அந்தக் குறிப்பிட்ட சோதனைக்கே பெற்றதா என்றும் பாருங்கள்.

வரம்புகளைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு மதிப்பு லீற்றருக்குப் பென்சீன் 10 மைக்ரோகிராம், தொலுயீன் 700, எதில்பென்சீன் 300, சைலீன் 500. அமெரிக்காவில் பென்சீன் 5 மைக்ரோகிராம். பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்குவது. மூக்கு அதை உணரும் அளவு இந்த வரம்பைவிடப் பலநூறு மடங்கு அதிகம். ஆகவே ‘மணம் இல்லை, குடிக்கலாம்’ என்று யாராவது சொன்னால் தயவுசெய்து மறுத்துச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: எண்களைப் படிப்பது

முதலாண்டில் குறைந்தது நான்கு சுற்றுகள். நமக்கு அவை புரட்டாசிக் கடைசியில் மட்டம் மிகத் தாழ்ந்திருக்கும்போது, கார்த்திகையில் ஏறும்போது, தையில் உச்சத்தில், சித்திரை வாக்கில் இறங்கும்போது என்று அமைய வேண்டும். ஒவ்வொரு கிணற்றுக்கும் மாசளவையும் நீர்மட்டத்தையும் ஒரே தாளில் காலவரிசையில் வரையுங்கள். மாசு குறைந்தது துப்புரவாலா, மழை கலந்ததாலா என்று அப்போதுதான் தெரியும். போக்கு உண்டா என்று சொல்ல மான்–கெண்டல் போன்ற எளிய புள்ளியியல் சோதனைக்கு நான்கு சுற்றாவது வேண்டும், எட்டுக்கு மேல் இருந்தால்தான் மனம் ஒப்பும். தையையும் தையையும் ஒப்பிடுங்கள், தையையும் ஆவணியையும் ஒப்பிடாதீர்கள்.

மண்ணின் நுண்ணுயிர்கள் எண்ணெயைத் தின்கின்றன. அதற்கு முதலில் ஒட்சிசனைப் பயன்படுத்தும், அது தீர்ந்ததும் நைத்திரேற்று, பிறகு மங்கனீசும் இரும்பும், பிறகு சல்பேற்று, கடைசியில் மீதேன் உண்டாகும். இதை நம் நிலத்தில் படிக்க ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது. வெங்காயமும் புகையிலையும் போட்ட தோட்டங்களின் உரத்தால் வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று ஏற்கெனவே மிகுதி. தோட்டங்களுக்கு நடுவே ஒரு கிணற்றில் மட்டும் நைத்திரேற்றும் ஒட்சிசனும் விழுந்து கிடந்தால், அங்கே யாரோ எதையோ தின்றுகொண்டிருக்கிறார்கள். மலக்குழிக் கசிவும் இதே அடையாளத்தைத் தரும் என்பதால் இது தீர்ப்பல்ல, எங்கே கூர்ந்து பார்க்க வேண்டும் என்ற குறிப்பு. செலவு குறைந்த இந்தச் சோதனையை எல்லாக் கிணற்றிலும் செய்துவிட்டு, செலவு மிக்க சோதனையை அந்தக் கிணறுகளில் குவிக்கலாம்.

அண்டை வீடுகளையும் மறக்கக் கூடாது. பெற்றோல் போன்ற இலேசான எரிபொருள் என்றால், நீரைத் தொடாதவர்கள்கூட நிலத்தின் வழியே வீட்டுக்குள் வரும் ஆவியைச் சுவாசிக்கலாம். மூடிய அறைகளில் மணம் வந்தால் காற்றையும் அளக்க வேண்டும்.

எப்போது நிறுத்துவது? எல்லாப் பருவங்களையும் உள்ளடக்கிய தொடர்ச்சியான சுற்றுகளில் வரம்புக்குக் கீழே நின்ற பிறகு, அதுவும் நீர்மட்டம் வழக்கத்தைவிடத் தாழ்ந்த ஒரு வறட்சிக் கோடையையாவது கடந்த பிறகு. சிக்கிய எண்ணெய் வெளிப்படுவது அப்போதுதான். நிறுத்தியபின் பயன்படாத கண்காணிப்புக் கிணறுகளைப் பென்டோனைட்டும் சீமெந்தும் இட்டு அடைத்துவிட வேண்டும்.

கிணற்றுக்காரருக்குச் சொல்வது

அறிக்கை அலுவலகத்துக்குப் போகும் அன்றே கிணற்றுக்காரருக்கும் ஒரு தாள் போக வேண்டும். ஒரு முறை முடிவைக் கொண்டுபோனபோது, ஒரு அம்மா என் கையிலிருந்த இருபது பக்கத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, பேரப்பிள்ளைக்குப் பால் கரைக்க எந்தத் தண்ணீர் எடுக்கட்டும்? அதை மட்டும் சொல்லுங்கள்” என்றார். அதற்குப் பிறகு நான் ஒரே பக்கத்தில்தான் எழுதுகிறேன். கிணற்றின் எண், மாதிரி எடுத்த நாள், சோதித்தது எவை, கண்ட அளவு, தர வரம்பு, ஆய்வகத்தின் கீழெல்லை. கீழே மூன்று வரிகள்: குடிக்கலாமா, குளிக்கலாமா, தோட்டத்துக்கு இறைக்கலாமா. குடிக்கக் கூடாது என்றால் தண்ணீர்ப் பௌசர் எந்த நாளில் எந்த ஒழுங்கைக்கு வரும், எண்ணெய் மணம் கூடினால் யாரிடம் சொல்ல வேண்டும், அடுத்த மாதிரி எந்த மாதம் என்பவை. கொதிக்க வைத்தால் எண்ணெய் போய்விடும் என்று பலர் நம்புவதால், அது உண்மையல்ல என்பதையும் பெரிய எழுத்தில் சேர்த்துவிடுகிறேன்.